ஒரு கோடா, இரண்டு கோடா? வீட்டுக் கோவிட் கிட் பற்றி வாசகர் கேள்விகள்

தீபாவளித் திறந்த இல்ல விருந்துகள் முடிந்த கையோடு இருமலும் காய்ச்சலும் வீடு வீடாக ஏறி இறங்குகின்றன. மருந்துக்கடையில் ஆர்டிகே என்னும் விரைவுச் சோதனைக் கிட் வாங்கி மூக்கைக் குடைந்துவிட்டு, வந்த விடையை நம்பலாமா கூடாதா என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூலையில் மலேசியாவில் முதல் இரண்டு சுயப் பரிசோதனைக் கிட்டுகளுக்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் அரசாங்கம் 19 ரிங்கிட் 90 சென் என்று உச்ச விலை விதித்தது. இன்று சில ரிங்கிட்டுக்கே கிடைக்கிறது. விலை இறங்கியதும் கையேட்டைப் படிக்கும் வழக்கமும் இறங்கிவிட்டது போலும்! இந்த முறை பக்கம் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: விருந்துக்குப் போய் வந்த இரண்டாம் நாள் தொண்டை கரகரப்பு, உடம்பு வலி. அன்றிரவே ஒரு கிட், மறுநாள் காலையில் இன்னொன்று, இரண்டும் நெகட்டிவ். சந்தேகப்பட்டு கிளினிக்கில் பி.சி.ஆர் எடுத்தால் பாசிட்டிவ். கடையில் போலிக் கிட்டை விற்றுவிட்டார்களா?
வாசகி, செந்தூல்

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் நாள்கணக்கைப் பாருங்கள். நீங்கள் சோதித்த இரண்டு முறையும் நோய் தொடங்கி ஒரு நாள்கூட நிறையவில்லை.

பி.சி.ஆர் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை. கிடைத்த துளியை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கிப் பெருக்கிக்கொண்டே போகும். 20 சுற்றில் ஒன்று 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஏறக்குறைய 40 சுற்று வரை ஓட்டுவார்கள். வீட்டுக் கிட்டுக்கு இந்தப் பெருக்கும் வித்தை கிடையாது. கிருமிக்குள் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதம் பஞ்சுக்குச்சியில் எவ்வளவு ஒட்டி வந்ததோ அவ்வளவுதான் அதன் மூலதனம். அந்தப் புரதம் அட்டையில் 'டி' என்று குறித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கோட்டைப் போடும் அளவுக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் கிருமி இருந்தும் கிட் வாய் திறக்காது.

எப்போது சேரும்? கொள்ளைநோயின் தொடக்கத்தில், அறிகுறி வந்த முதல் ஓரிரு நாளிலேயே மூக்கில் கிருமி உச்சத்தில் இருந்தது. இப்போது நம் எல்லோருக்கும் தடுப்பூசியாலோ முந்தைய தொற்றாலோ ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கிறது. உடம்பு எதிரியைச் சீக்கிரமே அடையாளம் கண்டு சண்டையைத் தொடங்கிவிடுவதால், கிருமி பெருகி முடிப்பதற்குள் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்துவிடுகின்றன. ஓமிக்ரோன் காலத்தில் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கிருமியின் அளவு உச்சம் தொட்டது அறிகுறியின் நான்காம் நாள் வாக்கில். முதல் நாளில் சோதித்தால் கிட் 100 நோயாளிகளில் 30 முதல் 60 பேரைத்தான் பிடிக்கும், நான்காம் நாளில் 80 முதல் 93 பேரைப் பிடிக்கும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அதே கிட், அதே மூக்கு, நாள்தான் வேறு.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பும் இதையொட்டியே பேசுகிறது. அறிகுறி உள்ள நோயாளிகளில் 100க்கு 73 பேரை இவ்வகைக் கிட்டுகள் கண்டுபிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் 55 பேரைத்தான். அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் 81, இரண்டாம் வாரத்தில் 54. கிட்டுக்குக் கிட் இந்தக் கணக்கு நிறையவே மாறியது. உலகச் சுகாதார நிறுவனம் குறைந்தது 100க்கு 80 பேரையாவது பிடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. எல்லாக் கிட்டும் எல்லா நாளும் அந்த வரம்பைத் தொடுவதில்லை.

ஆக, இரண்டு கிட்டை 12 மணி நேரத்துக்குள் செலவழித்ததற்குப் பதிலாக 48 மணி நேர இடைவெளி விட்டிருந்தால் இரண்டாவது பெரும்பாலும் பிடித்திருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2022 ஆகஸ்டில் இதையே சொன்னது: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனை, அறிகுறி இல்லாமல் தொற்றுள்ளவரோடு பழகியிருந்தால் அதே இடைவெளியில் மூன்று. இடைப்பட்ட நாளில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தள்ளி இருங்கள்.

கேள்வி: டி கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. கணவர் "அது நெகட்டிவ்தான்" என்கிறார்.
வாசகி, ஜெலுத்தோங்

கையேடு சொன்ன நேரத்துக்குள், அதாவது பெரும்பாலான கிட்டில் 15 நிமிடத்தில், இளஞ்சிவப்பு நிறம் தெரிந்திருந்தால் அது பாசிட்டிவ். மங்கல், அரைகுறை என்று தனிக்கணக்கு கிடையாது. கணவரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிவிடலாம்.

நேரம் கழித்துப் பார்த்திருந்தால் கதை வேறு. 20 நிமிடத்துக்குப் பின், சில கிட்டில் 30 நிமிடத்துக்குப் பின், திரவம் காயும்போது டி இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் நிழல்போல ஒரு கீற்று விழலாம். நிறமே இல்லாமல் பள்ளம்போலத் தெரியும். அது காய்ந்த தடம். இராத்திரி நெகட்டிவ் என்று குப்பையில் போட்ட அட்டையைக் காலையில் எடுத்துப் பார்த்துப் பதறுவது இதனால்தான். சந்தேகம் தீரவில்லையென்றால் புதிய கிட்டில் மறுநாள் செய்யுங்கள்; புதிதாகத் தொடங்கிய தொற்று என்றால் பெரும்பாலும் அதற்குள் கோடு அழுத்தமாகியிருக்கும்.

அந்தச் சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல கிட்டுகளில் அது தங்கம். தங்கத்தை நுண்துகளாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். கிருமியின் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை ஒட்டிய அந்தத் துகள்கள்தான் டி கோட்டில் வந்து குவிகின்றன. அடகுக்கடைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இல்லை.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். முதலாளி கொடுத்த கிட் பெட்டியை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வேலை செய்யுமா?
வாசகர், பட்டர்வொர்த்

நம்ப வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பெரும்பாலான கிட்டின் பெட்டியில் 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். கிட்டுக்குள் இருக்கும் எதிர்ப்புரதம் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல ஒரு புரதம்தான். சூட்டில் உருக்குலைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. சூடு பட்ட கிட் கிருமியைத் தவறவிடும்.

மோசமான பகுதி, கெட்டுப்போனது வெளியே தெரியாது. கிட் ஓடியதைக் காட்டும் சி கோடும் கிருமியைக் காட்டும் டி கோடும் வெவ்வேறு எதிர்ப்புரதங்களால் ஆனவை. டி கோட்டின் சரக்கு செத்துப்போன பிறகும் சி கோடு அழகாக விழலாம். சி கோடு சொல்வதெல்லாம் திரவம் கடைசி வரை ஓடியது, நிறத்துகள் நகர்ந்தது என்பதைத்தான்.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2 டிகிரிக்கு மேல் என்றால் கெடாது, உறைபெட்டியில்தான் வைக்கக்கூடாது. ஆனால் எடுத்தவுடன் செய்யாதீர்கள். குளிர்ந்த கிட்டில் தவறான பாசிட்டிவ் வந்ததை ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பையைப் பிரிக்காமலே அரை மணி நேரம் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். முன்கூட்டியே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உள்ளிருக்கும் பட்டை உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் பையில் அந்தச் சின்ன உப்புப் பொட்டலம் போன்ற ஈர உறிஞ்சியைப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. இருமல் என்றால் நெகட்டிவ் காட்டும் கிட்டைப் படமெடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் செய்வதால் சரியாகச் செய்கிறேனா என்றே தெரியவில்லை. எங்கே தவறு நடக்கும்?
வாசகர், பாயான் பாரு

தவறு பெரும்பாலும் மூக்கில் நடக்கிறது, அட்டையில் இல்லை. பஞ்சுக்குச்சியை நுனியில் தொட்டுவிட்டு எடுப்பதுதான் முதல் குற்றம். ஒழுகும் சளி வேண்டாம். மூக்கின் உட்சுவரில் இருக்கும் செல்தான் வேண்டும்.

முதலில் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பஞ்சு முனையில் கை படக்கூடாது. பெரியவர்களுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர், தடை தட்டும் வரை, மேல்நோக்கிக் குத்தாமல் காதுப்பக்கமாகக் கிடையாக நுழையுங்கள். உட்சுவரை அழுத்தித் தொட்டபடி 5 முறை சுற்றுங்கள். 15 வினாடி ஆக வேண்டும். கண்ணில் நீர் முட்டும், தும்மல் வரும். வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பிறகு அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் அதே போல. ஒரு துவாரத்தோடு நிறுத்திவிடுபவர்கள் பாதிச் சரக்கை விட்டுவிடுகிறார்கள். முந்தின 24 மணி நேரத்தில் மூக்கில் இரத்தம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறு பக்கத்தில் எடுங்கள்.

அடுத்து திரவக் குழாய். குச்சியைத் தோய்த்தால் போதாது. குழாயின் சுவரில் அழுத்திக் குறைந்தது 10 முறை சுழற்றுங்கள். வெளியே எடுக்கும்போது குழாயின் பக்கவாட்டை விரலால் நெருக்கிப் பஞ்சைப் பிழிந்துவிடுங்கள். புரதத்தில் பெரும்பங்கு பஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும் இடம் இதுதான். இந்த ஒரு பிழிதலைச் செய்யாதவர்கள் பலர்.

துளிக்கணக்குக் கிட்டுக்குக் கிட் மாறும்: சிலவற்றில் 2, சிலவற்றில் 3, சிலவற்றில் 4. போன மாதம் வாங்கிய வேறு கிட்டின் பழக்கத்தில் போடாதீர்கள். குறைந்தால் திரவம் பாதியில் நிற்கும். கூடினால் வெள்ளம்போல் ஓடி, நிறத்துகள் டி கோட்டில் பிடிபட நேரமில்லாமல் அடித்துக்கொண்டு போய்விடும், பின்புலமும் சிவந்துவிடும். குமிழியாக விழுந்த துளி துளியாகாது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாக நெருக்குங்கள். அட்டை சமதளத்தில் இருக்க வேண்டும், பேருந்து இருக்கையிலோ தொடை மீதோ வேண்டாம். கைபேசியில் 15 நிமிடம் மணி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். சி கோடே விழாவிட்டால் டி கோடு இருந்தாலும் அது செல்லாது. அதே அட்டையில் இன்னும் இரண்டு துளி விட்டுப் பார்ப்பதும் செல்லாது.

படம் அனுப்பும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சி கோடு மூக்கிலிருந்து எதுவும் வந்ததா என்று பார்ப்பதில்லை. பஞ்சுக்குச்சியே படாமல் வெறும் திரவத்தை விட்டாலும் அழகான ஒற்றைக் கோடு விழும். ஆகையால் அந்தப் படம் எதையும் நிரூபிக்காது. இருமுகிறவரை எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வதுதான் தொழிற்சாலைக்கு மலிவு.

கேள்வி: பள்ளிக்கு மட்டம் போட என் மகன் கிட்டில் கோலா பானத்தை ஊற்றி இரண்டு கோடு வரவழைத்துவிட்டான். கோலாவிலா கோவிட் இருக்கிறது?
வாசகி, கெப்போங்

கோலாவில் அமிலம் இருக்கிறது. கிட்டோடு வரும் திரவம் வெறும் தண்ணீரல்ல. அது உப்பும் சோப்புபோன்ற ஒரு பொருளும் கலந்து, காரமும் அமிலமும் சமநிலையில் இருக்கும்படி தயாரித்த கரைசல். அந்தச் சமநிலையில்தான் எதிர்ப்புரதம் தன் எதிரியை மட்டும் பிடிக்கும். கோலா, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு எதை ஊற்றினாலும் சமநிலை குலைந்து, நிறத்துகள் டி கோட்டில் கண்டபடி ஒட்டிக்கொள்கிறது. அப்படி வந்த அட்டையில் கிட்டின் கரைசலையே ஊற்றிக் கழுவினால் அந்தக் கோடு மறைந்துவிடும். பையனுக்குக் காட்டுங்கள், வேதியியலில் ஆர்வம் வரும்.

இதில் பெரியவர்களுக்கும் பாடம் உண்டு: கரைசல் கொட்டிவிட்டது என்று குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள். ஒரு பெட்டியின் கரைசலை இன்னொரு பெட்டியின் அட்டைக்கும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: பாட்டிக்கு 80 வயது. மூக்கில் குச்சி விட விடமாட்டார். எச்சில் கிட் வாங்கினால் போதுமா? வெற்றிலை போடும் பழக்கம் உண்டு.
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

போதும், ஆனால் மூக்கில் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே நம்புங்கள். எச்சிலில் கிருமியின் அளவு நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும், தண்ணீராக நீர்த்தும் போகும். காலையில் எழுந்தவுடன், பல் துலக்கும் முன், வாய் கொப்பளிக்கும் முன் எடுப்பதே நல்லது. பகலில் என்றால் குறைந்தது 30 நிமிடம் சாப்பாடு, கோப்பி, தே தாரிக், சிகரெட் எதுவும் கூடாது. தே தாரிக் குடித்த வாயில் பாலும் சர்க்கரையும் பூசியிருக்கும்; வெற்றிலையில் சுண்ணாம்பு இருக்கிறது, அது காரம். மேலே சொன்ன சமநிலை அந்தப் பக்கமும் சரியலாம். பாக்கின் சிவப்புச் சாயம் பட்டையில் படிந்தால் கோடு எது கறை எது என்று தெரியாது. முந்தின இரவு முதலே வெற்றிலைப் பெட்டியை மறைத்து வைத்துவிடுங்கள்.

வாய் முன்பக்கத்து எச்சிலைத் துப்பினால் போதாது. தொண்டையைச் செருமி, காறி, அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும். நுரை அடங்கிய பிறகு, கையேடு சொல்லும் கோடு வரை அளந்து எடுங்கள்.

மூக்குக் கிட்டின் குச்சியைத் தொண்டையில் விட்டு எடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கையேட்டில் தொண்டை என்று இருந்தால் மட்டும்.

கேள்வி: சினோவாக் இரண்டு ஊசி, பிறகு பூஸ்டர் போட்டிருக்கிறேன். செத்த கிருமியை வைத்துச் செய்த ஊசி என்கிறார்கள். அதனால் கிட் பாசிட்டிவ் காட்டுமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

காட்டாது. ஊசி போட்டது தோளில். கிட் தேடுவது மூக்கில். விரலில் குத்தி இரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்க்கும் சோதனை வேறு; அதில் தடுப்பூசியின் தடம் தெரியும். பெட்டியில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோருக்கும் சோதனை செய்தார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பாசிட்டிவ் என்றது. மறுநாள் இரண்டு கிட் நெகட்டிவ். எதை நம்புவது?
வாசகி, ஆயர் ஈத்தாம்

இங்கே கிட்டைவிட ஊரில் எவ்வளவு தொற்று இருக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. கோக்ரேன் கணக்கில், நோய் இல்லாத 1000 பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 4 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். மிகக் குறைவுதான். ஆனால் தொற்று அடங்கிய காலத்தில், அறிகுறியே இல்லாத 1000 பேரில் உண்மையில் 5 பேருக்குத்தான் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் அந்த 5 பேரில் 3 பேரைப் பிடிக்கும். மிச்சம் 995 பேரில் 4 பேருக்குத் தவறாக வரும். மொத்தம் 7 பாசிட்டிவ். அதில் பாதிக்கு மேல் பொய். உங்கள் நிலைமை அந்த வகையாக இருக்கலாம். இரண்டு நாள் ஒதுங்கியிருந்து, 48 மணி நேரம் கழித்து வேறு தயாரிப்பில் ஒன்று செய்யுங்கள். வேலையிடத்துக்கு உறுதி வேண்டுமானால் பி.சி.ஆர்.

அலை வீசும் காலத்தில், காய்ச்சலும் இருமலும் உள்ள 1000 பேரைச் சோதித்துப் பாருங்கள். 300 பேருக்குத் தொற்று என்றால் 240 பேர் பிடிபடுவார்கள். தவறான பாசிட்டிவ் வெறும் 3. அப்போது இரண்டு கோடு என்றால் இரண்டு கோடுதான், மறுபேச்சில்லை. ஆனால் நெகட்டிவ் வந்த 757 பேரில் 60 பேர், அதாவது 13 பேரில் ஒருவர், கிருமியோடு நடமாடுவார். அலை நேரத்தில் பாசிட்டிவை நம்பி நெகட்டிவைச் சந்தேகியுங்கள். அமைதியான நேரத்தில், அறிகுறி இல்லாதவருக்கு வந்த ஒற்றைப் பாசிட்டிவை இன்னொரு முறை விசாரியுங்கள்.

முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் சோதிக்கிறவர்களுக்கும் இதே பதிலில் ஒரு வரி: முந்தின இரவு சோதிக்காதீர்கள், கிளம்பும் காலையில் சோதியுங்கள். நெகட்டிவ் என்பதன் ஆயுள் சில மணி நேரம். மூக்கு ஒழுகுகிறதென்றால் கிட் என்ன சொன்னாலும் போகாதீர்கள்.

கேள்வி: நான்கு நாளாகக் காய்ச்சல். கோவிட் கிட் மூன்று முறை நெகட்டிவ். இன்னொரு கிட் வாங்கலாமா?
வாசகர், செராஸ்

கிட் வாங்கும் காசில் கிளினிக்குக்குப் போங்கள், இன்றே. நம் ஊரில் நான்கு நாள் காய்ச்சல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது டெங்கி. இருமல், சளி பெரிதாக இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிவது போன்ற வலி, தோலில் சிவப்பு என்றால் இன்னும் அதிகமாக. டெங்கியின் என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் நாட்களில் நன்றாகப் பிடிக்கும், பிறகு மங்கும். இரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டெங்கியில் ஆபத்து காய்ச்சல் இருக்கும்போது அல்ல, அது இறங்கும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று சந்தோஷப்படும் நாளில்தான் கவனம் வேண்டும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், தள்ளாட்டம் வந்தால் நேராக மருத்துவமனை.

அதுவரை பாராசிட்டமோல் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் கூடாது. வீட்டில் கிடக்கும் போன்ஸ்டன், இபுபுரூபன், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கோவிட், இன்ஃபுளுவென்சா ஏ, பி மூன்றையும் ஒரே குச்சியில் பார்க்கும் கூட்டுக் கிட்டுகள் மருந்துக்கடையில் இருக்கின்றன. அதில் மூன்றும் நெகட்டிவ் என்றாலும் டெங்கி இல்லை என்று அர்த்தமில்லை. அது கொசு கொண்டுவரும் இரத்த நோய், மூக்கில் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். நேற்றுக் காய்ச்சல் வந்தது, கிட் நெகட்டிவ். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
வாசகி, சுங்கை பூலோ

உங்களுக்கு 30 வயது என்றால் பொறுக்கலாம் என்போம். அம்மாவுக்கு வேண்டாம். பாக்ஸ்லோவிட் போன்ற கோவிட் மாத்திரை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் தொடங்கினால்தான் பயன். கிட் பிடிப்பதற்காக நான்கு நாள் காத்திருந்தால் அந்தக் கதவு சாத்திவிடும். நாளைக்கே சுகாதார கிளினிக்குக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துப்போய் வயதையும் இனிப்பு நீரையும் சொல்லிக் கேளுங்கள், பி.சி.ஆர் தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் எடுத்துப் போங்கள். பாக்ஸ்லோவிட்டோடு சிம்வாஸ்டாட்டின் சேரக்கூடாது. சில இதயத் துடிப்பு மருந்துகளும் ஒத்துவராது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறைப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே காட்டினால் கிட்டை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: பாசிட்டிவ் வந்து ஒன்பதாம் நாள். உடம்பு தேறிவிட்டது, கோடு மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை கல்யாணம். பி.சி.ஆர் எடுத்து நெகட்டிவ் காட்டிவிட்டுப் போகலாமா?
வாசகர், கோம்பாக்

பி.சி.ஆர் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். செத்த கிருமியின் துணுக்கையும் பெருக்கிக் காட்டுவதால் அது பல வாரம் பாசிட்டிவாகவே இருக்கலாம். இந்த ஒரு காரியத்துக்கு வீட்டுக் கிட்தான் மேல். அதில் கோடு அழுத்தமாக விழும் வரை மூக்கில் கிருமிச் சரக்கு நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் பத்து நாளுக்குப் பிறகு தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். சனிக்கிழமையும் ஞாயிறு காலையும் சோதியுங்கள். கோடு போய்விட்டால் முகக்கவசத்தோடு போங்கள். மங்கிக்கொண்டே வந்து இன்னும் இருந்தால் தாலி கட்டும் நேரத்துக்கு வெளித்தாழ்வாரத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பந்தியில் உட்கார வேண்டாம். பாக்ஸ்லோவிட் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாத சிலருக்கும்கூட, நெகட்டிவ் ஆன சில நாளில் மறுபடி கோடு திரும்புவது உண்டு. அப்போது மறுபடி ஒதுங்க வேண்டும்.

கேள்வி: காலாவதியான கிட் ஒரு டஜன் இருக்கிறது. பயன்படுத்தலாமா? இணையத்தில் மலிவாக வாங்கலாமா?
வாசகி, கிள்ளான் லாமா

காலாவதியானது டி கோடு காட்டினால் ஒதுங்குங்கள், காட்டாவிட்டால் அதை நெகட்டிவ் என்று சொல்லாதீர்கள். எதிர்ப்புரதமும் வலுவிழக்கும், குழாயில் உள்ள திரவமும் ஆவியாகிக் குறையும். புதிதாக வாங்குவதே நேர்மை. இணையத்தில் வாங்குவதானால் மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தின் அனுமதிப் பட்டியலில் அந்தத் தயாரிப்பின் பெயரும் உற்பத்தியாளர் பெயரும் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டப்படி அனுமதி இல்லாததை இங்கே விற்கக்கூடாது. பெட்டியில் தொகுதி எண், காலாவதித் தேதி, மலாய் அல்லது ஆங்கிலக் கையேடு இல்லையென்றால் தொடாதீர்கள். அனுமதி பெற்ற கிட்டும் விற்பனையாளரின் தகரக் கூரைக் கிடங்கில் வெந்திருந்தால் பட்டர்வொர்த் லாரிக்காரரின் கிட்தான்.

கேள்வி: கிட்டின் திரவத்தைக் கண் சொட்டு மருந்து என்று நினைத்துத் தாத்தா கண்ணில் விட்டுவிட்டார். ஆபத்தா?
வாசகி, டத்தோ கெராமாட்

உடனே குழாய்த் தண்ணீரில், மெதுவாக ஓடவிட்டு, இமையைப் பிரித்தபடி 15 நிமிடம் கழுவுங்கள். பல கிட்டின் திரவத்தில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு என்ற நச்சு மிகச் சிறிய அளவில் இருக்கும். ஒரு துளி உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கண் எரிந்து சிவக்கும். கழுவிய பிறகும் வலியோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம். குழந்தை விழுங்கிவிட்டாலோ சந்தேகம் வந்தாலோ பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். கிட்டின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பயன்படுத்திய குழாய், குச்சி, அட்டை மூன்றையும் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். திரவத்தைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தாத்தாவின் சொட்டு மருந்து இருக்கும் அலமாரியில் கிட் பெட்டியை வைக்காதீர்கள்.